மெதுவாக்கினால் மூச்சு மிஞ்சாது

ஏழு வருடம் ஒரே மெல்லிசைக் குழுவில் லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் கொச்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்கிறேன். இருபத்தொன்பது வயதில் ரிட்டயர்மென்டா என்று குழுவில் எல்லாரும் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். மார்க்கையன்கோட்டையில் என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், நான் ஒரே இடத்தில் ஏழு வருடம் இருந்ததே அதிசயம் என்பார்கள்.

எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும் மென்பொருளைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மிடி கோப்பில் டெம்போவை மாற்றப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டீர்கள். எண்ணைக் கூட்டினால் பாட்டு வேகமாகும், குறைத்தால் மெதுவாகும், சுருதி மட்டும் அப்படியே நிற்கும். மிடியில் இருப்பது எந்த வாத்தியம் எப்போது எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்ற குறிப்புதான். ஒலிப்பதிவை இழுத்தால் குரல் கிழிந்து நாறும். மிடியை எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. கிழியாது என்பதாலேயே அந்த எண்ணில் கை வைக்க யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்காமல் இரண்டு முறை கை வைத்தேன். முதல் முறை சிரிப்போடு முடிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். தேனி பஜாரில் கீழே சவுண்டு சர்வீஸ் கடை, மாடியில் நம் ரிகர்சல், இரண்டுக்கும் அவர்தான் முதலாளி. போனில் பேசினால் பாதி வாக்கியம்தான் அவரிடமிருந்து வரும், மீதியை நாம் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான்.

“ஏத்தா, நாளைக்குக் குச்சனூருக்கு இந்த டெம்போ ஆகாது. ரொம்ப மெதுவாப் போகுது, பாக்கிறவுக சிரிக்காக. வேகமாப் போறதா மாத்திரு.”

“சரிங்க அண்ணாச்சி. எவ்வளவு வேகம்?”

“எவ்வளவா? நேரத்துக்குப் போய்ச் சேந்தாப் போதும்.”

பதினெட்டுப் பாட்டு. ஒவ்வொன்றிலும் பத்து கூட்டி வைத்தேன். மறுநாள் ஆடி சனிக்கிழமை காலை, குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் கூட்டம் நெரிகிறது, ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு வர வேண்டிய வண்டியைக் காணோம். அதே பழைய வண்டி, ஒரு மணி நேரம் தாமதமாக முனகிக்கொண்டு வந்து நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“டெம்போவை மாத்தச் சொன்னேன்ல?”

“மாத்திட்டேன் அண்ணாச்சி. எல்லாத்துலயும் பத்து கூட்டியிருக்கேன்.”

வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் போன் போடுவதும் என் வேலைதான் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. ஆக்டோபேட் வாசிக்கிற பாண்டி அண்ணன் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். திருத்த நேரமில்லை. பக்திப் பாட்டெல்லாம் ஓட்டப் பந்தயம் மாதிரி போயின. மூன்றாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர் எழுந்து கேட்டார்: “ஏம்ப்பா, மெதுவாப் போற சாமின்னுதானே சனீஸ்வரருக்குப் பேரு. அவருக்கு எதுக்கு இம்புட்டு அவசரம்?”

அதிலிருந்து யார் டெம்போ என்று வாயெடுத்தாலும் சக்கரம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொள்வேன். கேட்பதில் ஒரு குறைச்சலும் வந்துவிடாது. இதை நான் கற்றுக்கொண்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். இரண்டாவது தவறு நான் கற்றுக்கொள்ளவில்லை என்று காட்டியது.

செல்வராணி அக்கா இருபது வருடமாக நம் குழுவின் முதல் குரல். இரண்டு வருடத்துக்கு முன் நிமோனியா வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்தபோது குரல் அதே குரல்தான். மூச்சு மட்டும் பழைய மூச்சு இல்லை. மாடிப்படி ஏறி வந்தால் ரிகர்சல் அறை வாசலில் ஒரு நிமிடம் போனைப் பார்ப்பது மாதிரி நிற்பார். போனில் ஒன்றும் இருக்காது.

நோய்க்குப் பிறகு முதல் நிகழ்ச்சி சின்னமனூரில், ஒரு பள்ளிக்கூட விழா. மேடைக்குப் போகுமுன் என் பக்கம் குனிந்து சொன்னார்.

“பாப்பா, மூச்சு இன்னும் சரியாகலை. கொஞ்சம் பாத்துப் போடு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்துப் போட்டேன். நம் தொடக்கப் பாட்டு உங்களுக்குத் தெரியும், குழுவுக்கென்றே எழுதி மெட்டுப் போட்ட முருகன் பாட்டு, நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு தட்டு. அதை எண்பத்து நாலுக்கு இறக்கினேன். மூச்சு வாங்குகிறவருக்கு வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதுதானே நியாயம் என்று தோன்றியது. அவரிடம் சொல்லக்கூட இல்லை. சொல்லாமல் செய்கிற உதவி இன்னும் நல்ல உதவி என்று எனக்கு ஒரு நினைப்பு.

பல்லவி தாண்டியது. சரணத்தில் இரண்டாவது வரி பாதியில் குரல் நின்றுவிட்டது. அக்கா மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். லேப்டாப்பிலிருந்து வீணையும் தபேலாவும் யாருக்கும் காத்திராமல் போய்க்கொண்டே இருந்தன. வரியின் மீதி பாடுகிற ஆள் இல்லாமல் போயிற்று. அடுத்த வரியில் பிடித்தார், மறுபடி விட்டார்.

முடிந்ததும் அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். “பெரியகுளத்துல ஒரு காலேஜ் பொண்ணு பாடுதாம். கம்பத்துக் கல்யாணத்துக்கு அதுவும் வரட்டும். முதல் பாட்டு ராணியே பாடட்டும். சரிப்பட்டு வரலைன்னா ராணி கோரஸ்ல நிக்கட்டும்” என்றார். கோரஸ் என்றால் என்னவென்று நம் குழுவில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாதம் நிற்பார்கள், அப்புறம் வரமாட்டார்கள்.

திரும்பும் வண்டியில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அண்ணாச்சி சொல்லித்தானே அப்படி இழுத்துப் போட்டே?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல.”

“அப்ப யாரு சொன்னா? நானா சொன்னேன்?”

“நீங்கதானக்கா பாத்துப் போடுன்னு…”

“பாத்துப் போடுன்னா என்னையப் பாத்துப் போடு. நீயாப் போட்டுட்டுப் பாத்துக்கிட்டிருக்கிறதா?”

திரையில் எண்பத்து நாலு என்றுதான் இருக்கிறது. யாரைக் கேட்டாலும், பாட்டைக் கெடுத்து ஆளைக் கழற்றிவிட ஏற்பாடு செய்த மாதிரிதான் தெரியும். முதலாளி சொன்னதைக் கேட்டு இருபது வருடப் பாடகியின் காலை வாரிவிட்டவள் என்று அவர் என்னைப் பற்றி நினைத்துவிட்டார்.

அந்த வாரம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் கணக்குப் போட்டதுதான். சரணத்தின் ஒரு வரி பதினாறு தட்டு. தொண்ணூற்றாறில் அது சரியாகப் பத்து வினாடி. எண்பத்து நாலில் ஏறத்தாழ பதினொன்றரை. அதாவது, பத்து வினாடிக்கே மூச்சுப் பற்றாதவரிடம் ஒவ்வொரு வரிக்கும் இன்னும் ஒன்றரை வினாடி கூடப் பிடி என்று நான் சொல்லியிருக்கிறேன். நடக்கிறவருக்குத்தான் மெதுவான வேகம் ஓய்வு. பாடுகிறவருக்கு அது நீளமான வரி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள், வகுத்துப் பார்க்க எனக்கு ஆறு நாள் ஆனது.

சரி, வேகமாக்கினால்? வரி சுருங்கும். ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். இந்தப் பாட்டில் அந்த இடைவெளியே அரைத் தட்டுதான். இது என் அறையில் உட்கார்ந்து தீர்க்கிற கணக்கு இல்லை என்று அங்கேதான் புரிந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மத்தியானம் மூன்று மணி. அக்கா வாசலில் நின்று, எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப்போன ஜீப் திரும்பிவிட்டதா என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“என்ன, அண்ணாச்சி அனுப்பினாகளா?”

“இல்லக்கா. நானா வந்தேன். எண்பத்து நாலு நான் போட்டது. உங்களுக்கு ஈசியா இருக்கும்னு நினைச்சேன். தப்பு.”

நம்பினாரா என்று சொல்லத் தெரியவில்லை. “உள்ள வா. வெயில்ல நிக்காத” என்றார்.

லேப்டாப்பை உடனே திறக்கவில்லை. எந்தப் பின்னணியும் இல்லாமல், உங்களுக்கு எப்படி வருமோ அப்படிப் பாடுங்கள் என்று கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு பாத்திரம் கழுவுகிற மேடையில் சாய்ந்து நின்று பாடினார். நான் போனில் பதிவு செய்துகொண்டே மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டினதை அளந்தால் நூற்று இரண்டு. நோய்க்கு முந்தைய வேகத்தைவிடக் கூட. ஒவ்வொரு வரியையும் சட்டென்று பாடி முடித்துவிடுகிறார், முடித்ததும் நிற்கிறார். மூன்று தட்டு, சில இடத்தில் நாலு. ஒரு முழு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறார்.

“அக்கா, இப்படியே மேடையிலயும் பாடுனா?”

“பாட்டு நிக்குமே, பாப்பா. நடுவுல சும்மா நின்னா சனம் என்ன நினைக்கும்? பாட்டை மறந்துட்டான்னு நினைக்கும்.”

“சும்மா நிக்காது. அங்கன ஒரு புல்லாங்குழல் போடுறேன்.”

அப்படித்தான், தாளத்தின் ஒரு முழுச் சுற்றாக, அந்தப் ‘பார்’ பிறந்தது. வரிக்குள்ளே நூற்று இரண்டு. சரணத்தில் ஒவ்வொரு இரண்டு வரிக்கும் பிறகு முழுதாக ஒரு பார், நாலு தட்டு, குழல் மட்டும். தாளம் கெடாமல் இருக்க முழு பாராகவே சேர்க்க வேண்டியிருந்தது. குழல் வராத வரி முடிவில் அவரே இரண்டு சொற்களைச் சுருக்கிப் பாடி மூச்சுக்கு இடம் பிடித்தார். வரி முடிவில் குழல் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டைகூட வந்தது. “இது என்ன, ஐஸ் வண்டிக்காரன் ஊதுற மாதிரி” என்றார் ஒரு தடவை. எழுதி, அழித்து, அந்த ஒரு பாரை மட்டும் திரும்பத் திரும்ப லூப்பில் ஓடவிட்டுக் கேட்டு, ஆறு மணிக்குச் சரியாக வந்தது.

கிளம்பும்போது சொன்னார்: “இது எதுக்குன்னு அண்ணாச்சிக்குத் தெரிய வேணாம். பாண்டிக்கு மட்டும் சொல்லு.”

கம்பத்தில் ஒரு திருமண மண்டபம், திராட்சை வியாபாரி வீட்டுக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், பதினொரு மணிக்கு வரவேற்பு. பெரியகுளத்துப் பெண் வந்திருந்தாள். மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டாவது மைக். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

பாட்டு தொடங்கியது. பல்லவி நன்றாகப் போயிற்று. முதல் சரணத்தில் குழல் வந்த இடங்களில் அக்கா சிரித்த முகத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இரண்டாவது சரணம் பாதியில் மாப்பிள்ளையும் பெண்ணும் வருகிறார்கள் என்று பரபரப்பு. மண்டபத்துக்காரர்கள் மேடைக்குக் கீழே இரண்டு புகை மிஷின் வைத்திருந்தார்கள், அது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. வெள்ளைப் புகை பொங்கி எழுந்து மேடைவரை ஏறியது. அக்கா வரியை எப்படியோ முடித்தார், மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினார். குழல் தொடங்கிவிட்டது. நாலு தட்டு. இரண்டரை வினாடிகூட இல்லை.

அந்த இரண்டரை வினாடிக்குள் நான் பெரிதாக எதையும் யோசித்துவிடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். அக்கா வீட்டில் குழலைத் திருத்தியபோது, கடைசியாகக் கேட்டது இந்தப் பாரைத்தான். அதில் போட்ட லூப் குறியை அழிக்க மறந்திருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பார் மட்டும் சுற்றும். அழுத்தினேன். குழல் மறுபடி முதலிலிருந்து வந்தது. பாண்டி அண்ணன் ஹெட்போனோடு என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே வாசித்தார்.

இரண்டாவது சுற்று. அண்ணாச்சி மேடைக்குக் கீழிருந்து கையை ஆட்டினார், போ போ என்று. அவர் சம்பளம் கொடுக்கிற முதலாளி, நான் லேப்டாப் இயக்குகிற ஆள். மூன்றாவது சுற்றில் பெரியகுளத்துப் பெண்ணைப் பார்த்து எழுந்திரு என்று காட்டினார். அவள் எழுந்து மைக்கை ஆன் செய்தாள். அடுத்த வரியை அவள் பாடிவிட்டால் முடிந்தது, அக்காவுக்கு அதற்கப்புறம் முதல் பாட்டு என்று ஒன்று கிடையாது. பாட்டை விட்டுவிட்டால் நான் முதலாளி சொன்னபடி கேட்டவள். பிடித்து வைத்தால், பிடித்து வைத்தும் அக்காவுக்கு வராமல் போனால், குழல் ஊதி ஊதி ஒரு கல்யாணத்தையே கெடுத்தவள்.

நான் அண்ணாச்சியைப் பார்ப்பதை நிறுத்தினேன். திரையைப் பார்ப்பதையும் நிறுத்தினேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். இருமலில் முதுகு குலுங்குவது தெரிந்தது. நாலாவது சுற்றில் குலுக்கம் நின்றது. வலது தோள் மெல்ல மேலே ஏறியது. லூப்பை விடுவித்தேன்.

அக்கா சரியான தட்டில் வரியைப் பிடித்தார். பெரியகுளத்துப் பெண் மைக்கை ஆஃப் செய்துவிட்டு உட்கார்ந்தாள். எல்லாம் சேர்த்துப் பத்து வினாடிக்குக் கொஞ்சம் குறைவு.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணாச்சி எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஏத்தா, பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரவும் குழலை மட்டும் சுத்தவிட்டே பாரு. முதல்ல எனக்குப் புரியலை, போ போன்னு காட்டிட்டேன். பெண் வீட்டுக்காரவுக வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாக. இனிமே எல்லாக் கல்யாணத்துலயும் இப்படியே போட்டுரு.”

நான் தலையாட்டப் போனேன். அது நல்ல பொய், எல்லாருக்கும் வசதியான பொய். அக்கா இலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்:

“அது பொண்ணு மாப்பிள்ளைக்கு வச்சது இல்ல, அண்ணாச்சி. நான் மூச்சு வாங்க வச்ச இடம்.”

அண்ணாச்சி எடுத்த அப்பளத்தை இலையில் திரும்ப வைத்தார்.

“முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, ராணி?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே கோரஸ்ல நிப்பாட்டியிருப்பீக.”

அவர் மறுக்கவில்லை. ரசம் வந்தது, வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து எழும்போது என்னிடம் கேட்டார்: “வேற எந்தப் பாட்டுல எல்லாம் அப்படி இடம் விடலாம்?” யோசித்து, இதோடு சேர்த்து ஆறு பாட்டு என்றேன். “அந்த ஆறு ராணிக்கு. மத்தது அந்தப் பொண்ணு பாடட்டும்” என்றார். அக்காவுக்கு இருபது வருடம் பாடிய பாட்டுகளில் பாதிக்கு மேல் போயிற்று. ஆனால் முதல் பாட்டு நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. அக்கா என்னிடம் சின்னமனூர் விஷயத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். லேப்டாப்பில் ‘ராணி’ என்ற பெயரில் ஆறு கோப்புகள் இருக்கின்றன. பாட்டுப் பட்டியலில் முதல் பாட்டுக்குத் தொண்ணூற்றாறு என்று இருக்கும், கோப்பில் நூற்று இரண்டு இருக்கும்; மற்ற ஐந்தும் இப்படித்தான் மாறியிருக்கும். திருத்தாதீர்கள். நடுநடுவே பாட்டில் இல்லாத பார்கள் வரும், யாரோ தவறாக ஒட்டிவிட்டதாகத் தெரியும். அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் லூப் குறி போட்டு வைத்திருக்கிறேன். மேடையில் குழல் தொடங்கியதும் விரல் அந்தப் பொத்தான்மேல் இருக்கட்டும். கீழேயிருந்து யார் என்ன கையாட்டினாலும் அக்காவின் வலது தோளைப் பாருங்கள். அது ஏறின பிறகு பாட்டை விடுங்கள்.